தொண்ணூற்றெட்டு சதவீதம்

"ஒண்டிக்கட்டை, உனக்கு எதுக்கும்மா சர்வர்ல இவ்வளவு இடம்?" என்று பக்கத்து மேஜைக்காரர் ஒருமுறை கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் அவள் இடத்தைப் பெரிதாக்குவது இது நான்காவது தடவை. இன்றும் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் தன் சொந்த சர்வரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது சர்வர்களை வாடகைக்கு விடும் கம்பெனியில். ஊழியர் சலுகையில் அவளும் ஒன்று எடுத்திருந்தாள். வீட்டு வாசல் கேமரா பார்ப்பதெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். இடம் நிறைந்துவிட்டால் பதிவுகள் தானாக அழியும், முதல் நாள் பதிவிலிருந்து தொடங்கி.

தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறைந்துவிட்டது என்றது திரை. சாயங்காலம்வரை தாங்காது.

காலையிலேயே டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டாள். ஆனால் அதில் பதிவுகளுக்கென்று பிரித்து வைத்த பகுதி, அந்தப் பார்ட்டிஷன், ஓர் அங்குலம்கூட வளரவில்லை. அதற்கும் புதிய இடத்துக்கும் நடுவில், இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாத சின்னப் பார்ட்டிஷன் ஒன்று கிடந்தது.

"நந்தி மாதிரி குறுக்க உக்காந்திருக்கு" என்றார் பக்கத்து மேஜைக்காரர், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. அதைத் தூக்கிவிட்டு, பதிவுகளின் பார்ட்டிஷனை அது இப்போது தொடங்கும் அதே எண்ணிலிருந்து பெரிதாகப் பிரிக்க வேண்டும், எண் பிசகினால் மூன்று வருஷப் பதிவும் போச்சு என்று எச்சரித்தார். அவளுக்கும் தெரியும். எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள்.

பேசாமல் வேண்டியதை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடேன் என்றார்.

"தொடர்ச்சி விட்டுப்போயிடும் சார்."

"நல்லா சொன்ன போ. உன் வீட்டுக்குத் திருடன் வந்தா, பாவம் பாத்து எதையாவது வச்சிட்டுத்தான் போவான்."

அவள் உள்ளங்கையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள்.

திரை சிறிது நேரம் சும்மா இருந்தது. பிறகு அறுபத்தைந்து சதவீதம் என்று காட்டியது.

எல்லாம் பத்திரமாக இருக்கிறதா, ஒன்றைத் திறந்து பார் என்றார். அவள் முதல் நாளைத் திறந்தாள். விடிகாலை வெளிச்சத்தில் அவள் வீட்டு வாசல், ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது.

"இவ்வளவு கோணலா யாரும்மா கேமரா மாட்டினது?"

"எம் பொண்ணு."

அவளுக்கு ஒரு பெண் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"இதுக்கு முந்தின நாள் ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி அவளேதான் மாட்டினா. இனிமே நீ தனியா இருந்தாலும் பயமில்லம்மான்னு சொன்னா. அப்ப எனக்குப் புரியல."

திரையில் கதவு திறந்தது. தோளில் பையும் கையில் செருப்புமாக அந்தப் பெண் வெளியே வந்தாள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினாள். ஒருமுறை கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள், மூன்று வருஷமாகத் திரும்பி வரவில்லை.