பாதி டப்பி இளஞ்சிவப்பு

“அம்மா, தம்பி ஏன் பச்சையா இருக்கான்?”

பிரிண்டரிலிருந்து ஈரம் காயாமல் வந்த படத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள் ஐந்து வயது ஐசிரேக். ஜிபார் எட்டிப் பார்த்தாள். காலையில் கன்னம் சிவக்கச் சிரித்த தாலாய், படத்தில் வெள்ளரிக்காய் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்று தாலாய்க்குக் கால்கயிறு அறுக்கும் விழா. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்களில் கறுப்பு வெள்ளைக் கயிற்றைக் கட்டிவிட்டு, தெருப்பிள்ளைகளை ஓடவிட்டார்கள். முதலில் ஓடிவந்து கயிற்றை அறுத்தவள் அவன் அக்காவேதான். அந்த நொடியைத்தான் ஜிபார் படம் பிடித்திருந்தாள்.

பார்க்க வேண்டிய கணவன் மெதெர் மட்டும் பக்கத்தில் இல்லை. மலைமேல் மேய்ச்சல் வெளியில், கூட்டாளி காலை முறித்துக்கொண்டு படுத்துவிட, முப்பது குதிரைகளோடு அவன் தனியாக மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே போன் எடுக்காது, மின்சாரமும் கிடையாது. படமாவது அனுப்பு, மகன் நடந்ததைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். லாரிக்காரன் உலானின் வண்டி இரண்டு மணிக்கு மலைக்குப் புறப்படுகிறது. அதை விட்டால் இன்னும் பத்து நாள்.

மணி ஒன்று பத்து.

இளஞ்சிவப்பு மை தீர்ந்துவிட்டது என்றது பிரிண்டர். தப்பு ஜிபாருடையதுதான். படத்தில் கோடு விழுகிறதென்று காலையிலிருந்து மூன்று தடவை ‘சுத்தம் செய்’ பொத்தானை அழுத்தியிருந்தாள். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இருந்த மையையும் அது குடித்துவிட்டிருந்தது.

கறுப்பு வெள்ளையிலாவது போடேன் என்றாள் நாத்தனார் பூருல். அதையும் பார்த்தாயிற்று. ஆறு மை டப்பியில் ஒன்று காலியானாலும் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது இயந்திரம்.

அவர்கள் ஊரான கோச்கோரின் கடைத்தெருவில் அந்த மை கிடைக்காது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் அண்ணன் வாங்கி வருவான், ஆனால் அவன் வருவது நாளைக்கு. இதே மாதிரி பிரிண்டர் தெருவில் இன்னும் ஒரு வீட்டில்தான் இருந்தது. மூன்றாம் வீட்டு எசென்குல்.

“அந்த மனுஷன்கிட்டயா? ஏணி கேட்டதுக்கே, யார் ஏறப்போறா, எப்ப இறங்குவான்னு விசாரணை வெச்சவரு,” என்று சிரித்தாள் பூருல். “மை கேட்டா ஏழு தலைமுறைப் பேரையும் சொல்லச் சொல்வாரு.”

அவள் சொல்லி முடிக்குமுன் ஜிபார் வாசலைத் தாண்டியிருந்தாள்.

எசென்குல் கதவை ஒரு சாண் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. வந்தவர் ஒரு துண்டு ரொட்டியாவது பிட்டு வாயில் போடாமல் வாசலிலிருந்து அனுப்பாத தெரு அது. ஜிபார் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் மூச்சு வாங்க விஷயத்தைக் கொட்டினாள்.

“எந்த லாரி?”

“உலானோடது, அண்ணே. ரெண்டு மணிக்கு.”

அவர் ஒருமுறை திரும்பி உள்ளே பார்த்தார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஏதோ மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி திறந்தபோது, துணியில் சுற்றிய கார்ட்ரிட்ஜை நீட்டினார்.

“பாதிதான் இருக்கு. சும்மா கிடந்தது, எடுத்துட்டுப் போ.”

“நாளைக்கே புதுசு தந்துடறேண்ணே.”

“அதெல்லாம் அப்புறம். ஓடு.”

குப்பைக்குப் போக வேண்டியதைத் தானமாகக் கொடுத்திருக்கிறார் என்று பூருல் கேலி செய்தாள். கேட்ட மாத்திரத்தில் கொடுத்தாரே, இறைவன் அவருக்குக் குறை வைக்க மாட்டான் என்றாள் ஜிபார்.

‘பிஸ்மில்லா’ சொல்லி கார்ட்ரிட்ஜை வைத்து அழுத்தினாள். அடையாளம் தெரியவில்லை என்றது திரை. கழற்றி, அதன் தங்கநிறத் தகட்டைத் தலைத்துணி முனையால் துடைத்து, மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

தாள் மெல்ல நகர்ந்து வந்தது. முதலில் வானம், அடுத்து அக்காவின் நெற்றி, அப்புறம் ஆப்பிள் மாதிரி இரண்டு கன்னங்கள்.

“தம்பி சிவப்பாயிட்டான்,” என்று குதித்தாள் ஐசிரேக்.

ஆறாவது படம் வரும்போதே தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஜிபார் உறையோடு முன்னே ஓட, தாலாயை இடுப்பில் வைத்துக்கொண்டு பூருல் பின்னே ஓட, புறப்பட்ட லாரியின் ஜன்னலுக்குள் உறை போய்ச் சேர்ந்தது. ஈரம் காயவில்லை, மேலே எதையும் வைத்துவிடாதே என்று ஜிபார் கத்தினாள். மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டே போகிறேன் அண்ணி என்று உலானும் பதிலுக்குக் கத்தினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணன் கொண்டுவந்த புது கார்ட்ரிட்ஜோடு ஜிபார் மூன்றாம் வீட்டுக்குப் போனாள். எசென்குல் தொழுகைக்குப் போயிருந்தார். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. நேரில் நீட்டினால் வேண்டாம் என்பார், பிரிண்டரிலேயே மாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று உள்ளே நுழைந்தாள்.

பிரிண்டரின் மூடி திறந்தே கிடந்தது. விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்பு இருக்க வேண்டிய குழி காலி. உருளையில் சிக்கி நின்ற தாளில் பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தையின் தலைமுடியும் நெற்றியும் மட்டும் இருந்தன. புருவத்துக்குக் கீழே வெறும் வெள்ளை. பக்கத்தில் ஓர் உறை. அதன்மேல், மேய்ச்சல் வெளியில் பால் கறக்கப் போயிருக்கும் அவர் மனைவியின் பெயர். கீழே அவர் கைப்பட எழுதியிருந்தது:

‘நம் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் நீதான் பார்க்க வேண்டும். உலான் லாரி, வியாழன் இரண்டு மணி.’

ஜிபார் புது மையை மாட்டி மூடியை மூடினாள். நின்றிருந்த தாள் மெல்ல அசைந்து முகம் வெளியே வரத் தொடங்கியதும், அதைப் பார்க்காமல் திரும்பி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தாள்.