மூன்று முறை ஆமா

தகரக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

வந்துவிட்டார்கள்.

என் மனைவி செண்பகவல்லி கதவைத் திறந்தாள். நவி மும்பையில் கோபர்கைரனேயில் முதியோர் இல்லம் நடத்தும் பானுமதி, கையில் படிவத்தோடு குனிந்து உள்ளே வந்தாள். பின்னால் அவளுடைய டிரைவர். அவனோடு முகைதீன், என் பட்டறையில் பை தைத்தவன். எங்கள் கல்லி குறுகிய சந்து, வண்டி நுழையாது. தொண்ணூறடி ரோடு வரை என்னைத் தூக்கிப் போக முகைதீனைக் கூப்பிட்டிருந்தாள் செண்பகவல்லி.

நான் போகமாட்டேன். முப்பது வருடம் வாழ்ந்த தாராவி அறை இது.

“அண்ணாச்சி, நாங்க யாரையும் பலவந்தமா கூட்டிட்டுப் போறதில்ல. உங்க வாயால சொல்லணும். எங்ககூட வர சம்மதமா?”

இல்லை என்று நினைத்தேன்.

“ஆமா” என்றது வாய்.

பக்கவாதம் வந்த நாலு மாதமாக இப்படித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் மூளைப் படத்தில் ஒரு கறுத்த திட்டைக் காட்டி, ஆமாவும் இல்லையும் இவருக்கு இடம் மாறி வருகின்றன என்று செண்பகவல்லியிடம் இந்தியில் விளக்கினார். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாள். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

இன்று காலையில்கூட, இன்னொரு இட்லி வைக்கவா என்று கேட்டாள். எனக்குப் பசி. “இல்ல” என்றது வாய். அவள் பாட்டுக்கு வைத்துவிட்டுப் போனாள். என் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

பானுமதி மறுபடி கேட்டாள்.

இந்தத் தடவை வேண்டுமென்றே ‘ஆமா’ சொல்லப் பார்த்தேன். ‘இல்ல’ வந்து விழட்டும்.

பலிக்கவில்லை. நான் எடுத்த சொல்லை மூளை பார்க்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று பார்த்தது. பார்த்து, அதைத் திருப்பிப் போட்டது. அறுபது வருடம் அதை என் வேலைக்காரன் என்று நினைத்திருந்தேன்.

“ஆமா.”

மறுத்துத் தலையசைத்தேன். தலையும் மேலும் கீழும் ஆடியது.

முகைதீன் சிரித்தான். “லீவு கேட்டா மாஸ்டர் வாயில ஒருநாளும் இந்த ஆமா வந்ததில்லக்கா. இப்ப தண்ணியா ஓடுது.”

பானுமதி கெட்டிக்காரி. பேனாவை நிறுத்தினாள்.

“உங்க பேரு சுடலைக்கண்ணன்தானே?”

“இல்ல.”

அவள் நெற்றி சுருங்கியது. எனக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரு கேள்வி கேள், தாயே.

“பேருதான் மறந்து மறந்து போவுது” என்றாள் செண்பகவல்லி. “மத்ததெல்லாம் தெளிவா சொல்லுவாவ.”

பானுமதி மூன்றாவது முறையாகக் கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அங்கே விஜயராணியின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. ஒரே மகள். என் அக்காள் மகனுக்குக் கொடுத்தேன். பெண்ணுக்குச் சம்மதமா என்று அவர்கள் கேட்டபோது, அடுப்படிக்குள் போய்விட்டு வந்து ‘ஆமா’ சொன்னவன் நான்தான்.

ஒரு வருடம் இருந்தாள்.

“ஆமா! ஆமா! ஆமா!” என்று கத்தினேன்.

“இவ்வளவு ஆசையா வர்றவங்க ரொம்பக் கம்மி” என்று சொல்லி, பானுமதி என் இடது கட்டைவிரலை மையில் உருட்டிப் படிவத்தில் வைத்தாள்.

டிரைவரும் முகைதீனும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். செண்பகவல்லி குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். காதருகே வந்தாள்.

“நீங்க இல்லன்னுதான் சொல்லுதியன்னு எனக்குத் தெரியும். விஜயராணியும் அன்னைக்கி இல்லன்னுதான் சொன்னா.”