எல்லா இடுக்கையும் அடைத்த வீடு

கேஸ் பாய்லர் எரிகிறது, ஆனால் வீடு சூடாகவில்லை. பிஷ்கேக் நகரத்தின் குளிர்காலக் காலை வெளிச்சம் ஜன்னலில் உறைந்த பனிக்கு அப்பால் மங்கி நிற்கிறது. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்று இருக்கிறது. தாலாய் அதன் திருகைத் தளர்த்த, உள்ளே அடைந்திருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. "காத்து பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். இதுக்குப் போய் மெக்கானிக்கா?" என்கிறான். அவன் மனைவி புருல், விடிந்ததிலிருந்து விடாத தலைவலியோடு, பாய்லர் முன் குத்துக்காலிட்டிருக்கிறாள். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக நெளிகிறது. புகைபோக்கியின் அடிவாயில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிக்கிறாள். உள்ளே இழுபட வேண்டிய நெருப்பு அவள் முகத்தைப் பார்த்துச் சாய்கிறது. "என்னங்க, புகை வெளிய போகல. வீட்டுக்குள்ளதான் வருது." அவன் தலை நிமிர்ந்து, நேற்றுத் தானே கம்பளித் துண்டு திணித்து அடைத்த காற்றுத்துளையைப் பார்க்கிறான். ஜன்னல் இடுக்கெல்லாம் அவள் மாவுப்பசை தடவி ஒட்டிய காகிதப் பட்டைகள். குளிர் நுழைய மயிரிழை வழிகூட இருவரும் விட்டுவைக்கவில்லை. தினமும் விடிந்ததும் குளிருது என்று சிணுங்கும் மகள் மேரிமின் சத்தத்தை இன்று காணோம். உள்ளறையில் கன்னம் சிவக்கத் தூங்குகிறாள். புருல் ஓடிப்போய்த் தூக்கினால் தலை தொங்குகிறது. தாலாய் பாய்லரை அணைக்க ஓடுகிறான். காகிதத்தைக் கிழிக்கப் பொறுமையில்லாமல் புருல் கெட்டிலால் கண்ணாடியை உடைக்கிறாள். பனிக்காற்று கத்தியாய்ப் பாய்கிறது. "மேரிம், கண்ணு, அம்மாவப் பாருடி." குழந்தையின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிறாள். பிறகு ஓர் இருமல். "அம்மா... குளிருது." குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புருல் அடுத்த ஜன்னலுக்குப் போகிறாள்.