ரோஜாப்பூ முகம்

"யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது! புரியுதா?"

தோல் பதனிடும் ஆலையின் முற்றத்தில் வரிசையாக நின்ற தொழிலாளிகளைப் பார்த்து முதலாளி சத்தம் போட்டார். "அதிகாரி போற வரைக்கும் ரோஜாப்பூவை மோந்த மாதிரி முகத்தை வெச்சுக்கணும். எங்க, ஒரு தடவை சிரிங்க பார்ப்போம்."

சிரித்தார்கள். பல்வலிக்காரர்கள் போட்டோவுக்கு நின்ற மாதிரி இருந்தது.

"மூக்கைப் பொத்தலைன்னா மூச்சு முட்டுமே முதலாளி?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அப்ப மூச்சு விடாதே!"

மேனேஜர் மெல்ல அருகே வந்தார். ரசாயனம் படித்தவர், படித்த பாவத்துக்கு இந்த அழுகிய முட்டை நாற்றத்தில் காலம் தள்ளுகிறார்.

"முகத்தை மாத்தினா நாத்தம் போயிடுமா முதலாளி? காத்தைக் கழுவுறதுக்குன்னு வாங்கி வெச்ச அந்தக் கோபுரத்துல பம்பைப் போட்டாலே போதும். கழிவுத் தொட்டியில கிளம்புற வாயு, மேலேர்ந்து தூறுற காஸ்டிக் சோடாத் தண்ணியில கரைஞ்சு அடங்கிடும்."

"கரண்டு பில்லை உன் மாமனாரா கட்டுவாரு? சோடா என்ன சும்மாவா வருது? நான் சொன்னதை மட்டும் செய்யி."

முதலாளி அந்தக் கோபுரத்தை வாங்கியதே ஆலைக் காலண்டரில் படம் போடத்தான். பச்சைப் பெயின்ட் அடித்து அதன் மேல் ஒரு கொடியும் படரவிட்டிருந்தார். நாற்றம் தாங்காமல் கொடி எப்போதோ கருகிவிட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தையல்காரம்மாதான் புகார் கொடுத்தவர். தைத்த துணியிலெல்லாம் நாற்றம் ஏறி வாடிக்கை போய்விட்டது. மகளுக்குத் தீராத தலைவலி வேறு. இன்று அதிகாரி 'காற்று சுத்தம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆலையை அப்புறம் யாரும் அசைக்க முடியாது. அந்த அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சுற்றுச்சூழல் அதிகாரி வந்து இறங்கினார். அதிர்ந்து பேசாத ஆள். முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மோதிரம் பளபளன்னு இருக்கே சார், புதுசா?"

"பழைய வெள்ளிதாங்க. காலையில விளக்கிப் போட்டுட்டு வந்தேன்."

அதற்குள் தையல்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி ஓடி வந்தார். "ஐயா, நீங்களே மோந்து பாருங்க! குடலைப் புரட்டுது. எம் பொண்ணுக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது."

அதிகாரி மூச்சை நன்றாக இழுத்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தொழிலாளிகள் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் ரோஜாத் தோட்டத்தில் நின்றார்கள்.

"பார்த்தீங்களா சார்? நாலு பேர் பிழைக்கிறது இவங்களுக்குப் பொறுக்கலை" என்றார் முதலாளி.

தையல்காரம்மா பாவம், அங்கேயே அழுதுவிட்டார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "சாப்பிடாமப் போகக் கூடாது சார். யோவ் மேனேஜர், கழிவுத் தொட்டி ஓரமாவே மேஜையைப் போடச் சொல்லுய்யா! நம்ம காத்து எப்படின்னு சார் நிதானமா உட்கார்ந்து பார்க்கட்டும்."

பக்கத்தில் தொட்டி கொப்புளம் விட்டுக்கொண்டிருக்க, அதிகாரி ரசித்துச் சாப்பிட்டார். மறுசோறு கூடக் கேட்டார். மூச்சை அடக்கி அடக்கிச் சிரித்ததில் முதலாளியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீர் சார்" என்று துடைத்துக்கொண்டார்.

கூடவே சாப்பிட உட்கார்ந்திருந்த மேனேஜரின் பார்வை ஒரு தடவை அதிகாரியின் கைக்குப் போனது. உடனே குனிந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். மேஜைக்கு வந்ததிலிருந்து அவர் தொண்டைக்குள் சோறு இறங்கியது அப்போதுதான்.

அதிகாரி கை கழுவிவிட்டு வந்து, பேனாவை எடுத்து எழுதி, தாளை நீட்டினார். முதலாளி பல்லெல்லாம் தெரிய வாங்கிப் படித்தார். நச்சு வாயு அளவு மீறி வெளியேறுவதால் ஆலையை இன்றே மூட வேண்டும் என்று இருந்தது.

"அநியாயம்! அது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?" என்று அலறினார். "உங்களுக்குத்தான் மூக்கே வேலை செய்யாதே! அதுக்காகத்தானே என் மச்சானைப் பிடிச்சு உங்களையே கேட்டு வாங்கினேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அத்தனை நேரம் மூக்கைப் பொத்தாத கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி சிரித்தார். "மூக்கு போனதிலேர்ந்து எல்லா முதலாளிங்களும் என்னைத்தாங்க கேட்டு வாங்குறாங்க. அதனாலதான் இதை விளக்கிப் போட்டுட்டு வர்றேன்."

அவர் நீட்டிய விரலில், காலையில் பளபளத்த வெள்ளி மோதிரம், தொட்டியோரம் சாப்பிட்டு எழுந்த நேரத்துக்குள் அந்த வாயு பட்டுக் கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தது.