குதிக்க வேண்டியவன்

"சாகும்போதும் பேர் வாங்கிட்டுத்தான் போயிருக்கான் பாரு!"

டி.வி.யைப் பார்த்துச் சொன்னான் டூப்.

பெரிய நடிகருக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பது, படிக்கட்டில் உருள்வது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவது எல்லாம் அவன்தான். பல வருஷமாக அதுதான் பிழைப்பு. அக்கம்பக்கத்திலும் அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

டி.வி.யில் அந்த நடிகரின் சிரித்த முகம். அதற்குக் கீழே, 'படப்பிடிப்பில் மாடியிலிருந்து குதித்தபோது மரணம்' என்ற வரி ஓடிக்கொண்டே இருந்தது.

டூப்பின் உடம்பில் இன்னும் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டைதான். காலையில் நடிகர் போட்டிருந்ததும் அதேதான். இருவருக்கும் ஒரே துணியில் தைத்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரமாகியும் அதைக் கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை.

ஓயாமல் பேசினான்.

"குட்டிச்சுவர்லேர்ந்து இறங்கச் சொன்னா ஏணி கேக்கிற ஆளு. தண்ணி தேங்கிக் கிடந்தா, தாண்டறதுக்கு ரெண்டு பேர் கை கொடுக்கணும். அவனுக்கு எதுக்குங்கறேன் இந்த வீராப்பு?"

அவனை வீட்டில் கொண்டுவந்து விட்ட லைட்மேன், கதவோரமாகவே நின்றிருந்தான்.

"விடுண்ணே. போய்ச் சேர்ந்த மனுஷனைப் போயி..."

"என்னத்தடா விடறது? நீயும் அங்கேதானே நின்னே? எல்லார் முன்னாலயும் என்ன சொன்னான்? 'இன்னிக்கு நான் குதிக்கிறேன். நீ ஓரமா உக்காந்து வேடிக்கை பாரு'ன்னான். ஸ்டன்ட் மாஸ்டர் வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சறாரு. கேட்டானா? 'டூப்பை வெச்சே காலத்தை ஓட்டறேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க மாஸ்டர்'னான். மொத்த யூனிட்டும் கை தட்டுச்சு. என் மூஞ்சியை நான் எங்கே கொண்டுபோய் வெச்சுக்கறது?"

லைட்மேன் தலையைக் குனிந்துகொண்டான். கை தட்டியவர்களில் அவனும் ஒருவன்.

"விழுந்தப்புறமும் தட்டிக்கிட்டேதான் இருந்தோம்ண்ணே" என்றான் மெதுவாக. "மெத்தைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாரா, சும்மா நடிக்கிறாரு, இப்ப எந்திரிச்சு வந்து கலாய்ப்பாருன்னு நெனச்சோம். மாஸ்டர் ஓடிப்போய்த் தொட்டுப் பாத்துக் கத்தினப்பத்தான்..."

டூப் டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

சமையலறைப் பக்கமிருந்து விசும்பல் கேட்டது. டூப்பின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீ எதுக்குடி அழறே? அவன் படம் ஒண்ணையாவது முழுசாப் பாத்திருக்கியா? அவன் மூஞ்சி வந்தாலே சேனலை மாத்தறவதானே நீ?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. டூப் எடுத்து, "ம்... ம்... இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"டி.வி.க்காரங்க. கேமராவோட கீழேயே வந்து நிக்கிறாங்களாம். என்ன நடந்துதுன்னு நான் சொல்லணுமாம்."

"என்ன சொல்லப்போறீங்க?" என்றாள் மனைவி.

"உள்ளதைத்தான். பந்தாவுக்காகக் குதிச்சான், செத்தான். இதை நான் சொல்லலேன்னு வையி, நாளைக்கே 'டூப் பயந்து ஒதுங்கிட்டான், அதனாலதான் ஹீரோ குதிச்சாரு'ன்னு என் தலையில கட்டிடுவாங்க. அதுக்கப்புறம் என்னை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

"இன்னிக்கு மட்டும் வேண்டாமேண்ணே" என்றான் லைட்மேன்.

"இன்னிக்கு விட்டா அப்புறம் எவன்டா மைக்கை நீட்டுவான்?"

விருட்டென்று எழுந்தான். இடது கால் மடங்கியது. மேஜையைப் பிடித்துச் சமாளித்தான்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. உக்காந்தே இருந்தேன்ல, மரத்துப்போச்சு. நீ முன்னால போ."

லைட்மேன் படியிறங்கிப் போனான்.

மரத்துப்போகவெல்லாம் இல்லை. போன படத்திலேயே முட்டியில் தசைநார் கிழிந்துவிட்டது. இனிமேல் குதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யூனிட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் அன்றோடு பிழைப்பு போய்விடும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை உதறி உதறி நடந்து, இத்தனை நாள் ஒப்பேற்றிவிட்டான். தெரிந்த ஒரே ஆள் மனைவிதான்.

அவள் இப்போது வாசல் கதவைத் தாழிட்டு மறித்துக்கொண்டு நின்றாள்.

"போகாதீங்க."

"தள்ளுடி."

"அவரைத் தப்பாப் பேசாதீங்க. அவர் பெருமைக்காகக் குதிக்கலைங்க."

"நீ பாத்தியா? வீட்டுல உக்காந்திருந்த உனக்கு என்ன தெரியும்?"

அவள் அப்படியே கதவில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள்.

"நேத்து நீங்க குளிக்கப் போனப்ப, உங்க போன்லேர்ந்து நான்தாங்க அவருக்குப் பேசினேன். 'இவர் முட்டி போயிடுச்சு, உங்ககிட்ட எல்லாம் மறைக்கிறாரு. நாளைக்கு இவரைக் குதிக்க விடாதீங்க சார்'னு அழுதேன்."

தாழ்ப்பாளுக்கு நீண்ட டூப்பின் கை அப்படியே நின்றது.

"அவன்... அவன் என்ன சொன்னான்?"

"'வேற டூப்பைப் போட்டா அவன் பிழைப்பு போயிடுமேம்மா. நீ அழாதே, நானே ஏதாவது பந்தா பண்ணிக் குதிச்சிடறேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, ரோசக்காரன்'னாருங்க!"