ஜெர்மனியின் கோல்கீப்பர்

சக்குபள்ளம் மைதானத்தில் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு பேர் ஆட வேண்டிய ஜெர்மனி கிளப்பிலிருந்து ஈஸ்வரன் மட்டும் வந்திருக்கிறான். தொண்ணூறாம் வருட உலகக் கோப்பையை எஸ்டேட்டின் ஒரே டிவியில் பார்த்த ஏலப்பாறைத் தொழிலாளர்கள், ஜெயித்த நாட்டின் பெயரையே தங்கள் கிளப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது திருப்பூரிலும் எர்ணாகுளத்திலும் வேலை பார்க்கிறார்கள். வருகிறோம் என்றவர்கள் போனை எடுக்கவில்லை. வராத அணியின் வெறும் கோலுக்குள் பந்தை ஒருமுறை உருட்டிவிட்டால் எதிரணி ஜெயித்ததாக அர்த்தம்; இங்கே அதுதான் வழக்கம். ஆனால் கோல் வெறுமையாக இல்லை. வெளுத்துப்போன வெள்ளை ஜெர்சியோடு ஈஸ்வரன் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கையை விரித்து நிற்கிறான். "தள்ளி நில்லுல ஈஸ்வரா, உருட்டிட்டுப் போயிருதோம்," என்கிறான் ஆனைக்கரை அணியின் கேப்டன் தங்கதுரை. "நான் வந்திருக்கேம்லாண்ணே. அடிங்க." நடுவர் விசில் ஊதுகிறார். தங்கதுரை ஒரு கணம் பந்தையே பார்க்கிறான். பிறகு பின்னால் போய், ஓடி வந்து, முழுப் பலத்தோடு இடது மூலைக்கு அடிக்கிறான். ஈஸ்வரன் பாய்கிறான். ஈரச் சேறு தெறிக்கிறது. பந்து அவன் நெஞ்சோடு அடங்கிக் கிடக்கிறது. மைதான ஓரத்து மேட்டில் யாரோ இரண்டு தடவை கைதட்டி நிறுத்துகிறார்கள். அவன் துள்ளி எழுந்து, பழக்கத்தில் நாலெட்டு முன்னால் ஓடி, பந்தை எறியக் கையை ஓங்குகிறான். இடப்பக்கம் பார்க்கிறான். வலப்பக்கம் பார்க்கிறான். ஓங்கிய கை அப்படியே நிற்கிறது.