ஆயிரத்துப் பன்னிரண்டு

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துடும்மா. இதோட முடிச்சுக்கலாம்" என்று வெள்ளைத் தாளை நகர்த்தினார் மேலாளர்.

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அவர்கள் பராமரிக்கும் மருத்துவமனை மருந்து அட்டவணையில் ஒரு வரி தப்பு. ஆறு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டரை மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அந்த மருந்தை முதன்முதலாகக் கொடுக்கப் போன வார்டு நர்ஸ் இன்று காலை பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டதால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவள் மகனுக்கும் இப்போது ஆறு கிலோதான்.

அட்டவணையை யார் திருத்தினாலும் அது அவர் பெயரில் புது ஃபைலாகச் சேரும். ஃபைலின் சொந்தக்காரர் யார், எந்தப் பிரிவு, அதாவது எந்த குரூப் என்று பார்த்துச் சொல்லும் குட்டி புரோகிராமை எழுதியதே அவள்தான். 'எந்த மெஷின்லயும் அப்படியே ஓடும்' என்று அன்றைக்குப் பெருமை அடித்துக்கொண்டாள்.

அது இன்று அவள் பெயரையே காட்டியது. தேதி, பிரசவ விடுப்புக்கு முந்தின நாள்.

"நிறைமாசம், அசதியில பண்ணியிருப்பே. கைக்குழந்தைக்காரியை யாரும் வேலையை விட்டு அனுப்பப் போறதில்லை" என்றார் மேலாளர் ஆறுதலாக. "வேலை நிரந்தரமாகறது கொஞ்சம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்."

அந்த நாளை யோசித்துப் பார்த்தாள். கால் வீக்கம், இடுப்பு வலி. அட்டவணையைத் தொட்ட ஞாபகமே இல்லை. ஆனால் மெஷின் பொய் சொல்லுமா? அதுவும் அவள் எழுதிய புரோகிராம்?

பேனாவை எடுத்தாள்.

"பேனாவைக் கீழ வை."

கறார் அக்கா. ஆபீஸிலேயே சீனியர். சிரிப்பதற்கும் அனுமதிக் கடிதம் கேட்பவர் என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு.

"குரூப் என்ன காட்டுது?"

"கேன்டீன்னு காட்டுதுக்கா."

"மருந்து அட்டவணையில கேன்டீனுக்கு என்ன வேலை? உப்பு போடவா? பேரை விடு. சொந்தக்காரர் நம்பர் என்ன?"

"ஆயிரத்துப் பன்னிரண்டு."

கறார் அக்கா குனிந்து திரையில் அந்த நம்பரைத் தானே பார்த்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார். "ஸ்டோர் ரூம்ல பழைய சர்வர் மெஷின் கிடக்கு. கொண்டுவரச் சொல்லுங்க சார். இதே புரோகிராமை அதுல ஓட்டிப் பார்க்கணும்."

"மாசமா இருந்தப்ப நடந்த தப்புக்கா. சாரே விடறேங்கறார், நீங்க எதுக்கு நோண்டறீங்க?" என்றான் பக்கத்து சீட்டு டெஸ்டர்.

பால் எடுக்கும் நேரம் தாண்டி அவளுக்கு மார்பில் பால் கட்டி வலித்தது. "விட்டுடுங்கக்கா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள் அழுகையை அடக்கிக்கொண்டு.

"உன்னை யாரு கேட்டா?"

'ஈவு இரக்கமே கிடையாது' என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தூசியோடு தள்ளுவண்டியில் வந்தது பழைய சர்வர். அது உயிர் பெறும்வரை கறார் அக்காதான் பேசினார்.

"ஃபைல்ல பேரே கிடையாது, நம்பர்தான் இருக்கும். அது யாரோடதுன்னு அந்தந்த மெஷின்ல இருக்கற பட்டியலைப் பார்த்துதான் உன் புரோகிராம் சொல்லும். கடை வாசல்ல பையை வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் குடுப்பாங்கல்ல? இந்தக் கடை டோக்கனை அடுத்த கடையில நீட்டினா வேற எவங்க பையோதான் வரும். நீ லீவுல இருந்தப்ப புது சர்வர் வந்துச்சு. ஃபைல் எல்லாம் பழைய நம்பரோடயே வந்துடுச்சு. ஆளுங்களுக்கும் குரூப்புக்கும் மட்டும் புது நம்பர் போட்டுட்டாங்க. வேற யாரோட பழைய நம்பரோ இப்ப உன்னோடதா ஆயிருக்கு."

"அப்போ என் புரோகிராம் தப்பா..."

"அது சரியாத்தான் சொல்லுது. பார்க்கற பட்டியல்தான் வேற. ஓட்டு."

ஓட்டினாள்.

குரூப்: மருந்தகம்.

சொந்தக்காரர் என்ற இடத்தில் கறார் அக்காவின் பெயர்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டெஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... உங்களுக்கு முன்னாடியே..."

"ஒன்பது வருஷம் அதுதான் என் நம்பர். நீ சொன்னதுமே தெரிஞ்சுது. வெறும் வாயால சொன்னா உன்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றேன்னு ஆகிடும். இப்ப எல்லாரும் கண்ணால பார்த்தாச்சுல்ல?"

வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் கறார் அக்கா.

"இப்பக் குடு அந்தப் பேனாவை."